தில்லை வனமும் நிழற்படமும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் திருப்பெயர் அங்கு நிறைந்திருந்த தில்லை மரங்களால் வந்ததென்பது சைவர் யாவரும் அறிந்ததே. அம்மரம் இன்று திருக்கோயிற் சூழலிற் காண்டற்கரிதாயிற்று. ஆயினும், அந்நகருக்குக் கிழக்கே, வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரத்து உவர்ச்சேற்றில், சுரபுன்னை, வெண்கண்டல் முதலியவற்றோடு அது தழைத்து நிற்கின்றது. 2022-ஆம் ஆண்டில் அவ்வலையாத்திக் காடு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆங்குப் படகேறிச் செல்வோர் பலரும் நிழற்படக் கருவியொடு செல்கின்றனர், “தில்லையைக் கண்டேம், படமுங் கொண்டேம்” என மகிழ்ந்து மீள்கின்றனர். அவர் கண்டது யாது? கண்டவர் யாவர்? இவ்விரண்டும் ஈண்டு ஆராயற்பாலன.

தில்லை மரத்தை ஒடிப்பின் வெண்பால் ஒழுகும். அது கண்ணிற் படின் பார்வைக்குக் கேடு செய்யும். காட்சி கண்ணுக்கே உரியதென்று செருக்குவார்க்கு இஃதொன்றே அமையும். கருவியின் கண்ணாடி ஒளியை வாங்குமேயன்றி, வாங்கியதனை அறியாது, சடமாதலின். கண்ணும் அத்தன்மைத்தே, உயிர் காட்டவே அது காணும். உயிரோ தானே அறியும் ஆற்றலுடையதன்று. இறைவன் உடனின்று காட்டியும் கண்டும் உபகரிக்கவே அறியும் என்பது மெய்கண்ட நூல்களின் துணிபு. ஆகவே, “யானே கண்டேன்” என்னும் உயிர், தன்னைக் காண்பானாகக் கருதுங் கருவியை ஒக்கும். இதுவே ஆணவத்தின் செயலென்க.

அற்றேல், நிழற்படம் விலக்கத்தக்கதோவெனின், அன்று. சொல்லிறந்த பொருளைத் திருமேனியில் வைத்து வழிபடுஞ் சைவர் உருவத்தை இகழார். தொலைநாட்டிலிருந்து வரவியலாத அடியாரொருவர்க்கு ஒரு தில்லை மரத்தின் படம் திருவம்பலத்தை நினைப்பிக்குமாயின், அது பெரும்பயனுடைத்து. ஆயினும் அதன் எல்லை அறியப்படுதல் வேண்டும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றின்மேல் எழுந்து நிற்றல் படத்தில் தோன்றும். அவற்றின் நுண்டுளை வழியே காற்றுப் புகுந்து, கீழே மூழ்கிய வேரை ஓம்புதல் தோன்றாது. சுரபுன்னையின் வித்துத் தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்குதல் தோன்றும். பக்குவம் வருந்துணையும் அம்முளையை மரம் தாங்கி ஊட்டி, பின்னரே நழுவவிடுதல் தோன்றாது. மலபரிபாகம் எய்துமளவும் உயிரைத் தாங்கிநிற்குந் திருவருளும் அவ்வாறே கட்புலனுக்கு மறைந்து நிற்பது.

இனி, நல்ல படத்தின்பொருட்டுக் கிளையை வளைத்தொடித்தலும், மூச்சுவேரை மிதித்தழித்தலும் பொருந்துமோவெனின், பொருந்தா. சிவபூசைக்கு மலர் கொய்வாரும் செடிக்கு ஊறு நேராவண்ணம் கொய்தலே முறை. பூசைக்கே அவ்வரம்பு உளதாயின், காட்சியின்பத்திற்கு அது வேண்டாவோ?

ஆதலின், படமெடுப்பான் கருவியைக் கண்ணருகே கொணருமுன் சிறுபொழுது அமைந்துநின்று, தனக்கு இதனைக் காட்டுவான் ஒருவன் உளன் என உணர்ந்து கைகூப்புவானாக. அவ்வுணர்வு உடையானுக்குப் படம் மங்கினும் குறையில்லை. அஃதில்லானுக்கு எத்துணைத் தெளிந்த படமும் இலையுங் கிளையுமேயாய் ஒழியும்.

திருச்சிற்றம்பலம்.