துருவும் விரிப்பும்

ஒரு குறையை மூடி வைப்பது எந்த இடத்தில் பொய்யாகிறது? கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டு உடுத்துகிறவனை யாரும் பொய்யன் என்று சொல்வதில்லை. வீட்டுக் கஷ்டத்தை மறைத்து விருந்தினரைச் சிரித்த முகத்துடன் வரவேற்கும் இல்லத்தரசியையும் நாம் பழிப்பதில்லை. அப்படியானால் எல்லை எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் குடியேறிய நண்பர் ஒருவர் பழைய வீடு ஒன்றை வாங்கினார். தோட்டத்தில் நீச்சல் குளமும் இருந்தது. அந்நாட்டில் இத்தகைய குளங்கள் பலவற்றை ஒரு தனி முறையில் கட்டுகிறார்கள். மண்ணைத் தோண்டி, சுற்றிலும் எஃகுத் தகடுகளை நிறுத்தி, உட்புறம் முழுவதும் வினைல் விரிப்பைப் போர்த்திவிடுகிறார்கள். தாங்கி நிற்பது எஃகு. கண்ணுக்குத் தெரிவது விரிப்பு. எஃகின்மேல் துத்தநாகம் பூசியிருக்கும். தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும் உத்தம குணம் அதற்கு உண்டு. அது தீர்ந்ததும், விரிப்பின் கிழிசலில் கசியும் நீரும், வெளியே மண்ணின் ஈரமும் இரும்பைத் தின்னத் தொடங்குகின்றன.

விரிப்பு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நைந்து போகும். அதை உரிக்கும் நாளில்தான் சுவரின் உண்மை வெளிப்படும். மேலோட்டமான துருவானால் சுரண்டித் துடைத்து, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, புது விரிப்பைப் போடலாம். அது நேர்மையான வேலை. தட்டினால் உதிரும் தகடானால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பொருத்தத்தான் வேண்டும். நண்பரின் குளத்திலோ, முன்பிருந்தவர் உதிரும் தகட்டின்மேலேயே புது விரிப்பைப் போர்த்தி வீட்டை விற்றிருந்தார்.

"அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லையே!" என்றார் நண்பர். ஆம், வாயால் சொல்லவில்லை. ஆனால் நண்பரின் குழந்தைகள் அந்தச் சுவரை நம்பித்தான் நீரில் இறங்கினார்கள். ஒட்டுப் போட்ட சட்டை கிழிந்தால் உடுத்தியவனுக்குத்தான் வெட்கம். பிறர் தம் உயிரையோ உடைமையையோ நம்பி வைக்கும் இடத்தில் குறையை மறைத்தால், மௌனமும் பொய்தான். எல்லை அங்கே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

குறை தெரிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்ப்பதும் விவேகமன்று. குளத்து நீரை அவசரப்பட்டு இறைத்துவிட்டால், ஈர மண்ணின் அழுத்தத்தில் சுவர் உள்ளே சாய்ந்துவிடக்கூடும். பாசி படிந்த அந்த நீரும் ஒரு பாரத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. 1886இல் நியூயார்க் துறைமுகத்தில் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலைக்கு வெளியே செம்புத் தோல். உள்ளே இரும்பு எலும்புகள். தோல் நிலைத்திருக்க, எலும்புகள் துருவேறின. 1984 முதல் 1986 வரை நடந்த திருப்பணியில், சிலை சாய்ந்துவிடாதபடி சில சில எலும்புகளாக எடுத்து, துருப்பிடிக்காத எஃகைப் பொருத்தினார்கள். உண்மையை ஒப்புக்கொள்ளும் துணிவும் பொறுமையும் அங்கே சேர்ந்து வேலை செய்தன.

எல்லோருக்கும் அவ்வளவு வசதி ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவரை மாற்றப் பணம் வேண்டும். ஆனால் வாங்க வருகிறவரிடம், "உள்ளே துரு இருக்கிறது" என்று சொல்லப் பணம் வேண்டியதில்லை. சொன்னால் விலை குறையுமே என்றால், குறையட்டும். அதுதான் அந்தக் குளத்தின் உண்மையான விலை.