சிக்கலில் வாங்கிய வேல்



2021 மே மாசம். பெரியப்பாவுக்கு கொரோனா, ஆக்சிஜன் இறங்கிட்டே இருந்தது. "வென்டிலேட்டர்ல வச்சா ஆள் திரும்பாது, கையெழுத்து போடாதப்பா. கவசம் படி, முருகன் பாத்துப்பான்"னு சொந்தக்காரங்க எல்லாரும். நானும் ஒரு ராத்திரி முழுக்கத் தள்ளிப்போட்டேன். அது இன்னும் உறுத்துது.

ரொம்ப முடியாதவங்களுக்குத்தான் அதை வைக்கிறாங்க, அதனாலதான் அங்க இறப்பும் அதிகம். குடையாலயா மழை வருது? அந்த மெஷின் நோயைக் குணப்படுத்தாது. நுரையீரல் தேறும்வரை மூச்சு விடுற வேலையைப் பாத்துக்கும், அவ்வளவுதான்.

சிக்கலில் அம்மாகிட்ட வேல் வாங்கிட்டுத்தான் நம்ம சிங்காரவேலன் செந்தூர் போய் சூரனை முடிச்சான். அவனே கருவி வேண்டாம்னு சொல்லலையே!

காலையில கையெழுத்து போட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து கவசமும் படிச்சேன். பதினோராம் நாள் பெரியப்பாவுக்குக் குழாயை எடுத்தாங்க. பக்கத்து பெட்காரர் பிழைக்கலை. அவருக்கும் சேத்துத்தான் படிச்சிருந்தேன்.