ஆட்குறைப்பும் அமானிதமும்

 

1728-ல் எழுந்த நம் தெங்கேராப் பள்ளிவாசலில் முதலாளியும் சிப்பந்தியும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கின்றனர். வெளியே வந்ததும் ஒருவர் கடையைத் திறக்கிறார். மற்றவரோ அக்கடையில் தம் வேலை நிலைக்குமா என்ற கவலையோடு பின்னே செல்கிறார். வியாபாரம் நொடித்தால் ஆளைக் குறைப்பது ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. குறைக்கும் விதத்தைப் பற்றியே பேசுகிறோம்.

குகையில் அகப்பட்ட மூவரின் வரலாறு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. அவர்களில் ஒருவரிடம் வேலை செய்த கூலியாள் கூலியை வாங்காமலே போய்விட்டார். அவர் அதைத் தம் பெட்டியில் சேர்த்துக்கொள்ளாமல், தொழிலில் போட்டுப் பெருக்கினார். நெடுநாள் கழித்துக் கூலியாள் வந்து கேட்டபோது, கண்ணில் படும் ஒட்டகம், மாடு, ஆடு யாவும் உம்முடைய கூலியே என்றார். கேலி செய்கிறாரோ என்று அந்த ஏழை மிரண்டுபோனார். அத்தனையையும் ஓட்டிக்கொண்டு போனார். இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது யாதெனில், கொடுத்தவர் அதைத் தர்மம் என்று சொல்லவில்லை. கூலி என்றே சொன்னார்.

நம் பெற்றோர் காலத்தில் நிலை வேறு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்வது அதைத்தான். இரண்டு தலைமுறையாகப் பால் மரம் வெட்டியவர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். இன்று, தொழில் கைமாறினால், புதிய முதலாளி 7 நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலை தர முன்வர வேண்டும். இல்லையேல் ஈட்டுத்தொகை உண்டு. இவ்விதி 1980-ல் வந்தது. துண்டாடலில் சிதறிப்போன குடும்பங்களுக்கு அது எட்டவில்லை.

அதே விதிகளின்படி, மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொழிலாளி ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஆட்குறைப்பின்போது ஆண்டுக்கு 10 நாள் கூலி பெற வேண்டும். இரண்டாண்டு முடிந்திருந்தால் 15 நாள், ஐந்தாண்டு முடிந்திருந்தால் 20 நாள். ஆறாண்டு உழைத்தவருக்கு 120 நாள் கூலி ஆயிற்று. வேலை நின்ற 7 நாளுக்குள் அது கையில் சேர வேண்டும். முன்னறிவிப்பு தனி: ஒப்பந்தத்தில் என்ன சொல்லியிருந்தாலும், ஐந்தாண்டு முடித்தவருக்கு 8 வாரத்துக்குக் குறையக் கூடாது.

"நம்முடையது சின்ன ஒட்டுக்கடைதானே!" என்பார் சிலர். சட்டம் கடையின் நீள அகலத்தை அளக்கவில்லை. "பிள்ளை மாதிரி வைத்திருந்தேனே!" என்பார் வேறு சிலர். நல்லது; பிள்ளைக்குக் கணக்குத் தீர்க்கலாகாதா?

யாரை நிறுத்துவது என்பதில்தான் நெஞ்சம் தடுமாறுகிறது. கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நிறுத்துவதே இந்நாட்டுத் தொழில் நீதிமன்றம் பொதுவாக ஏற்கும் முறை; அதை மீறத் தக்க காரணம் காட்ட வேண்டும். எதிர்த்துப் பேசியவர் என்பதும், மச்சானுக்கு இடம் வேண்டும் என்பதும் காரணமாகா. ஒரே வகை வேலையில் வெளிநாட்டவர் இருந்தால் அவர்களையே முதலில் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் இராமநாதபுரத்திலிருந்து வந்து நம் அடுப்படியில் வெந்தவரின் கணக்கை, விமானம் ஏற்றிவிட்டோம் என்று முடித்துவிட எவருக்கும் உரிமையில்லை. அவர் சம்பளமும் ஈட்டுத்தொகையும் நம் கழுத்தில்தான் தொங்கும்.

தொழிலாளச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்குறைப்பு நடக்கையில், சொந்த விருப்பத்தில் விலகுவதாக ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்திட்டால் ஈட்டுத்தொகையும் போகலாம். சொக்சோவின் வேலைக் காப்புறுதியும் போகலாம். அக்காப்புறுதிக்கு வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அநியாயமாக நீக்கப்பட்டதாகக் கருதினால் தொழில் உறவு இலாகாவுக்குப் போகவும் அதே 60 நாள்தான். தொகை வராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து விளங்கவில்லையென்றால், வெட்கப்படாமல் ஜும்ஆ முடிந்தபின் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்ல நம்மில் ஆள் உண்டு. கையெழுத்திடுமுன் கொண்டு வாருங்கள்.