மகளுக்கு வீடு என்றால் மகனுக்கு?

பெண் குழந்தை பிறந்துவிட்டால் அன்றே மனைக்கட்டுக் கவலையும் கூடவே பிறந்துவிடுகிறது நம் நாகூர் வாப்பாமார்களுக்கு. நிகாஹ் முடிந்த பின் பெண் தன் உம்மாவின் வீட்டிலோ, தனக்கென்று கட்டப்பட்ட வீட்டிலோ இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இதே வழக்கம்தான். பெண்ணைக் கண்ணீரோடு அனுப்பி வைக்கும் உள்நாட்டு ஊர்ச் சகோதரர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். 'இது மார்க்கத்தில் உள்ளதா?' என்று கேட்பவர்களும் உண்டு.

மணமக்கள் யார் வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதை ஷரீஅத் ஊர் வழக்கத்துக்கு விட்டிருக்கிறது. மனைவிக்கு இருப்பிடம் தருவது கணவனின் கடமை. தன் வீட்டிலேயே கணவனை வைத்துக்கொள்ள அவள் மனமொப்பினால் அது அவள் செய்யும் உபகாரம். நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் இல்லத்தில் வாழ்ந்தார்கள் என்று நம்மூர்ப் பெரியவர்கள் ஆதாரம் காட்டுவார்கள். காட்டட்டும், நல்ல ஆதாரமே. ஆனால் அந்த இல்லம் அன்னையாரின் சொந்த உடைமை. யாரும் கேட்டுப் பெற்றதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மத்யனில் மாமனார் வீட்டோடு தங்கிய நபி மூஸா (அலை) அவர்களோ எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து ஆண்டு உழைப்பதாக ஒப்புக்கொண்டல்லவா தங்கினார்கள்! இக்காலத்து மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பகுதியை மட்டும் ஓதாமல் தாண்டிவிடுகிறார்கள் போலும்.

இவ்வழக்கத்தில் பெரும் நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நம் ஆண்கள் சபராளிகள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா நினைவிடம் எழுந்தது என்றால், அதற்கு முன்பே இங்கிருந்து எத்தனை பேர் கடல் கடந்திருக்க வேண்டும்! நாகப்பட்டினத்தைத் தொட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த ரஜூலா கப்பல் 1970-களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அதன் பின் வளைகுடா திறந்தது. கணவன் ஆண்டுக்கணக்கில் அக்கரையில் இருக்க, இக்கரையில் பெண் தன் உம்மாவோடும் லாத்தாவோடும் இருப்பது அவளுக்கு அரண். கணவன் மவுத்தாகிவிட்டாலும், தலாக் நேர்ந்துவிட்டாலும் அவள் தெருவில் நிற்க மாட்டாள்.

வீட்டோடு நின்றுவிட்டதால் நம் வழக்கம் தப்பியது எனலாம். மலபாரில் மாப்பிளா முஸ்லிம்களில் ஒரு சாரார் மருமக்கத்தாயத்தைப் பின்பற்றி, சொத்தையே தாய்வழித் தறவாட்டில் வைத்தார்கள். ஒருவர் தாமே சம்பாதித்த சொத்தாவது ஷரீஅத்படி போகட்டும் என்பதற்கு 1918-ல் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டமே தேவைப்பட்டது. சுமாத்திராவில் மினங்கபாவு மக்களிடையே இவ்வழக்கம் இன்னும் ஆழமானது. ஹரம் ஷரீபில் ஷாபிஈ இமாமாக இருந்து 1916-ல் வபாத்தான ஷைகு அஹ்மத் கதீபு அவர்கள் அந்த மண்ணின் மைந்தர். தம் மக்களின் வாரிசு முறையை வன்மையாகக் கண்டித்தவர். முன்னோர் சொத்து தாய்வழி, சம்பாத்தியம் ஷரீஅத் வழி என்று 1952-ல் அங்கே உலமாக்களும் குலத் தலைவர்களும் உடன்பட்டார்கள். இலங்கை அக்கரைப்பற்றில் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடிக்கொரு மரைக்காயர் என்ற முறை இருந்தது. அங்கும் பெண்ணுக்குத்தான் வீடு.

இனி நமது கேள்விக்கு வருவோம். பெண்ணுக்கு வீடு கொடுப்பது வாப்பாவின் அன்பா, மாப்பிள்ளை வீட்டாரின் விலையா? 'வீடு உண்டா?' என்று கேட்ட பிறகே பெண்ணின் தீனை விசாரிக்கும் நிலை வந்துவிட்டால், அது கைக்கூலிதான். கையில் ரொக்கமாக வாங்கினால் மட்டுமே கைக்கூலி என்று எந்தக் கிதாபிலும் இல்லை. மஹரைக் கொடுக்க வேண்டியவர் வீட்டை வாங்கிக்கொண்டு போகிறார். அதிலும் சிலர் பத்திரத்தைத் தம் பெயருக்கே எழுதச் சொல்கிறார்களாம். அல்லாஹ் காப்பாற்றுவானாக!

இந்த வீட்டைக் கட்டுவது யார்? பெரும்பாலும் வாப்பா அல்ல, நானா. இருபது வயதில் பாஸ்போர்ட் எடுக்கிறார். மூத்த லாத்தாவுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு. தலை நரைத்து ஊர் திரும்பும்போது தன் பெயரில் ஒரு திண்ணைகூட இல்லை. அவர் உறங்குவது மனைவியின் வீட்டில். அவருக்கும் ஒரு பெண் இருந்தால் மறுபடியும் சபர்.

பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு ஓர் அன்பளிப்புச் செய்து, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். உம் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்து, பிள்ளைகளிடையே நீதியாக நடக்குமாறு ஏவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. சமமாகக் கொடுப்பது வாஜிபு என்று இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் கொண்டார்கள். சுன்னத், மாறினால் மக்ரூஹ் என்பது நம் ஷாபிஈ இமாம்களின் கூற்று. தேவையுள்ள பிள்ளைக்குக் கூடுதலாகத் தர இடமுண்டு. பெண்ணுக்கு வீடு அவசியத் தேவை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த வீட்டுக்காக உழைத்துத் தேய்ந்த மகனுக்குத் தேவையே இல்லை என்று எப்படிச் சொல்வது?

கொடுத்ததைக் கொடுத்ததாக ஆக்கவும் வேண்டும். அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் மகளார் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு 20 வஸக் பேரீச்சம் பழத்தை மரத்திலிருந்து பறித்துக்கொள்ளத் தந்திருந்தார்கள். அன்னையார் அதைக் கைப்பற்றுமுன் சித்தீக் நாயகத்துக்கு மவுத் நெருங்கியது. நீ கைப்பற்றியிருந்தால் அது உனக்குரியது, இன்றோ வாரிசுகளின் பொருள், உன் இரு சகோதரர்களும் இரு சகோதரிகளும் அதில் பங்காளிகள் என்ற கருத்தில் அறிவித்துவிட்டார்கள். அன்பு மகள்; அவர்களோ கலீபா; பொருளோ சில மூட்டைப் பழம்! இங்கே 'இந்த வீடு உனக்குத்தாம்மா' என்று வாயால் சொல்லிவிட்டு, சாவியும் வரி ரசீதும் தம்மிடமே இருக்கக் கண்மூடிவிடுகிறார்கள். நம் நாட்டு நீதிமன்றங்களும் முஸ்லிம் ஹிபாவுக்கு எழுத்துப் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. 2011-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் கொடுப்பவர் அறிவிப்பதும், பெறுபவர் ஏற்பதும், பொருளை ஒப்படைப்பதும் அங்கும் நிபந்தனைகளே. ஒப்படைக்கப்படாத வீடு எல்லா வாரிசுகளுக்கும் உரியது.

மகள் பெயரில் முறையாகச் சேர்ந்த வீடும் அவளுக்குப் பின் தானாகவே அவள் மகளுக்குப் போய்விடாது. பிள்ளைகளை விட்டு அவள் மவுத்தானால் கணவருக்கு அதில் நாலில் ஒன்று. உயிரோடிருக்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. மீதியில் ஆண் மக்களுக்குப் பெண்ணைப்போல் இருமடங்கு. அன்னிஸா அத்தியாயம் பிரித்துத் தந்த பங்கு இது. மனைவியை இழந்த வயோதிகர் அந்த வீட்டில் விருந்தாளியாகக் கூசி நிற்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. வாப்பா மவுத்தானதும், 'லாத்தாவுக்குத்தான் வீடு கொடுத்தாச்சே' என்று நஞ்சையையும் கடையையும் ஆண்மக்கள் பிரித்துக்கொள்கிறார்கள். உயிரோடிருக்கும்போது கொடுத்த ஹிபா வேறு, மவுத்துக்குப் பின் வரும் பாகம் வேறு. ஒன்று மற்றதைக் கழிக்காது. 1937-ம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949-ல் சென்னை மாகாணம் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே காவிரிப் பாசன நஞ்சையிலும் சகோதரிக்குப் பங்குண்டு. அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் சரி. கணக்கைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது விட்டுக்கொடுத்தல் ஆகாது.

சபரில் இருக்கும் சகோதரர்கள் அனுப்பும் பணத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். அது அன்பளிப்பா, கர்ளா, வாப்பாவிடம் வைத்த அமானத்தா? கர்ள் என்றால் வாப்பாவின் சொத்தைப் பங்கிடுமுன் அதைத் தீர்க்க வேண்டும்; அன்பளிப்பு என்றால் பிறகு சொல்லிக்காட்டக் கூடாது. உடன்பிறந்தவளிடம் கணக்குப் பேச வெட்கமாக இருக்கிறது என்பார்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் பகரா 282-ம் ஆயத்துதான் திருமறையிலேயே மிக நீளமானது. பணம் அனுப்பும் அன்றே வாப்பாவுக்கு ஒரு வரி எழுதி, உம்மாவையும் அருகில் வைத்துப் படித்துக்காட்டச் சொன்னால் போதும்.