பூஜ்யம் கடன் அல்ல

ஒருவரை 'முன்னாள் ஆட்டக்காரர்' என்று குறிப்பிடுகிறபோதே ஒரு தீர்ப்பையும் சொல்லிவிடுகிறோம். வாழ்வின் சாரம் முடிந்துவிட்டது. பிறகு அவர் செய்ததெல்லாம் ஒன்று மிச்சம், அல்லது ஈடு. மிச்சம் என்று சொல்பவர்களைவிட ஈடு என்று சொல்பவர்கள் இரக்கமுள்ளவர்களாகத் தோன்றுகிறார்கள். எனக்கு அந்த இரக்கத்தின் மீதுதான் சந்தேகம்.

அமெரிக்க பேஸ்பாலில் மைனர் லீக் என்பது பெரிய ஆட்டத்தின் வெளித்திண்ணை. சிறிய ஊர்கள், சொற்பச் சம்பளம். பெரும்பாலோர் உள்ளே போகாமலேயே எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆர்ச்சிபால்ட் கிரஹாம் ஒரே ஒரு நாள் உள்ளே போய் வந்தவர். 1905 ஜூன் 29 அன்று, நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக, ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் களமிறங்கினார். மட்டை பிடிக்க அடுத்தது தன் முறை என்று நின்றிருந்தபோது அணியின் முறையே முடிந்துவிட்டது. புள்ளிவிவர நூலில் அவர் பெயருக்கு எதிரே: ஆட்டம் 1, மட்டை பிடித்தது 0. 1909-இல் மினசோட்டா மாநிலத்தில் சிஸம் என்ற இரும்புச் சுரங்க ஊருக்கு டாக்டராகப் போனார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பள்ளி மருத்துவர். குழந்தைகளின் ரத்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து, வேறு மருத்துவர்களுடன் சேர்ந்து 1945-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1965-இல் இறந்தார்.

டபிள்யூ. பி. கின்செல்லா 1982-இல் 'ஷூலெஸ் ஜோ' நாவலில் இவரைப் பாத்திரமாக்கினார். அதிலிருந்து 1989-இல் வந்த 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' படத்தில், இளம் ஆட்டக்காரரான கிரஹாம் ஒரு சிறுமியைக் காப்பாற்ற மைதானத்தின் கோட்டைத் தாண்டுகிறார். தாண்டியதும் கிழ டாக்டராகிவிடுகிறார். இனி ஆட முடியாது. காட்சி கண்கலங்க வைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கலங்குவதற்கு நாம் கொடுக்கும் காரணம் என்ன? ஆட்டம் போனால் போகிறது, உயிரைக் காத்தாரே. நஷ்டம் நேர்செய்யப்பட்டுவிட்டது.

அவர் வாழ்க்கையில் அப்படியொரு கோடு கிடையாது. மருத்துவப் பட்டம் பெற்றதும் அதே 1905-இல்தான். அதற்குப் பிறகும் 1908 வரை மைனர் லீகில் ஆடியிருக்கிறார். பட்டம் கையிலிருந்தும், திண்ணையில் மேலும் மூன்று பருவங்கள். ஆட்டம் அவருக்கு வேண்டியிருந்தது என்பதைத் தவிர இதற்கு என்ன அர்த்தம்? எது முன், எது பின் என்று பிரித்தது நாம்.

ஈடு என்ற வாதத்தின் குரூரம் இன்னொரு பெயரைப் பக்கத்தில் வைக்கும்போது தெரியும். ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி, வேகத்துக்காகப் பேசப்பட்ட பந்தெறிபவர். 1960-இல் ஸ்டாக்டன் அணியில் 170 இன்னிங்ஸில் 262 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். குறி தப்பிய எறிகளால் அதே 262 பேரை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பினார். 1963-இல் முழங்கை பழுதாயிற்று. மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை. பிறகு கலிபோர்னியாவில் வயல் கூலி, குடி. 2020-இல் இறந்தார். கிரஹாமின் பூஜ்யத்தை மருத்துவம் மன்னித்தது என்றால், டால்கோவ்ஸ்கியை எது மன்னிக்கும்?

மன்னிக்க என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி. பகலில் பேரேடுகளோடு பிழைக்கிறவன் நான். பூஜ்யத்துக்கும் பற்றுக்கும் உள்ள வித்தியாசம் தொழிலின் முதல் பாடம். கிரஹாம் யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கவில்லை, டால்கோவ்ஸ்கியும்தான். ஒரு தொகுதியோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுகையில் நம் குரலில் ஏறும் அனுதாபமும் இந்தக் கணக்குப் பிழையிலிருந்தே வருகிறது.

சிஸம் பள்ளியில் ஒரு குழந்தை கையை நீட்டியது, டாக்டர் அளந்தார். தவறிப்போன ஒரு மட்டைவீச்சை ஈடுகட்ட அவர் அதைச் செய்தார் என்று எண்ணுவது, அந்தக் குழந்தையையும் அவமதிப்பது.