ஆசிரியரின் ஸ்டேட்டஸ்

சங்கரன்கோவிலில் எந்தப் பள்ளிப் பிள்ளையிடம் கேட்டாலும் கோயில் கதையைச் சொல்லிவிடும். சங்கன் என்ற நாகராஜனுக்குச் சிவன்தான் பெரியவர், பதுமனுக்குத் திருமால். வழக்குத் தீராமல் இருவரும் அம்பாளிடம் போனார்கள். அவள் புன்னை வனத்தில் தவமிருந்தாள். வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக இறைவன் ஒரே உருவில் காட்சி கொடுத்தான். ஆடித்தபசு அன்று ஊர் கொள்ளாத கூட்டம் திரள்வது அந்தக் காட்சிக்காகத்தான்.

இந்த ஊரில் தமிழாசிரியராக இருந்த எனக்குக் காட்சியை விடத் தவத்தில்தான் மனம் நிற்கும். யார் பெரியவர் என்று அம்பாள் அங்கேயே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேள்வியை வாங்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். வழக்காட வந்தவர்களும் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் இருவரில் ஒருவரும் தோற்கவில்லை.

அதே வழக்கு இன்று பிள்ளைகளின் போனில் நடக்கிறது. நம்ம ஆளு பெரிசா, அவன் ஆளு பெரிசா? சாதித் தலைவர் படம், அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டு, சில நேரம் அரிவாள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளிக்குள் கூடாது என்றது. சரியான பரிந்துரை. கையில் கட்டிய கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்த்துவிடலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கட்டியிருப்பதை எந்த வாசலில் அவிழ்ப்பது?

பிள்ளைகளைத் திருத்தும் முன் எங்களைப் பற்றிப் பேச வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது வாட்ஸ்அப்பில்தான் பாடம் போனது. அப்போது எங்கள் எண்கள் பிள்ளைகள் கைக்குப் போயின. பள்ளி திறந்த பிறகும் எண் அவர்களிடமே இருந்தது. நாங்கள் வைக்கிற ஸ்டேட்டஸ் ஒவ்வொன்றையும் பார்த்தார்கள். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், வேறொரு ஆசிரியரைப் பற்றி என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான்: "அந்த சார் நம்ம ஆளு சார், ஸ்டேட்டஸ்ல பாத்தேன்." பக்கத்தில் நின்ற பையன் ஒன்றும் பேசவில்லை. இனி அந்த ஆசிரியர் அவனுக்கு மார்க் குறைத்தாலும், அதட்டினாலும், தட்டிக் கொடுத்தாலும், அவன் அதற்கு வேறு காரணம் தேடுவான். எத்தனை நல்ல பாடம் நடத்தியும் அந்தச் சந்தேகத்தை அழிக்க முடியாது.

"அது என் சொந்த நம்பர்" என்பார்கள். ஆசிரியருக்குச் சாமி இருக்கலாம், கட்சி இருக்கலாம், பிடித்த தலைவர் இருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. தன்னிடம் படிக்கும் பிள்ளைக்கு முன்னால் சங்கன் பக்கமோ பதுமன் பக்கமோ போய் நிற்க மட்டும் அவருக்கு உரிமை இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஆசிரியரிடம் மாணவன் நெருப்பில் குளிர்காய்கிறவனைப் போல இருக்கச் சொல்கிறார். விலகிப் போகவும் கூடாது, ஒட்டிக்கொள்ளவும் கூடாது. இந்தக் காலத்தில் அந்த இடைவெளியைக் காக்கும் பொறுப்பு பெரியவர்களான எங்களுக்குத்தான் அதிகம். இரவில் மாணவிக்கோ மாணவனுக்கோ தனியாகச் செய்தி அனுப்ப எந்தப் பாடத்துக்கும் அவசியமில்லை. வகுப்புக் குழுவில் இன்னொரு ஆசிரியரும் பெற்றோரும் இருக்கட்டும். மார்க் பட்டியலைக் குழுவில் போட்டால் கடைசியில் நிற்கிற பிள்ளை தெருவுக்கே தெரிந்துபோகும். பிள்ளைகளை ஆடவிட்டு ரீல்ஸ் போடும் பழக்கமும் நிற்க வேண்டும். 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது.

மாணவர்களில் கடையானவர்களைச் சொல்லும்போது பவணந்தி ஆட்டையும் சேர்க்கிறார்: ஒரு செடியிலும் நின்று மேயாமல் நுனி நுனியாகக் கடித்துக்கொண்டு போகும். இதை நடத்தியபோது, "சார், இது ரீல்ஸ் பாக்குற நாங்கதானே" என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

அதே போனால் நல்லதும் நடந்தது. விசைத்தறித் தொழிலாளி மகன் ஒருவன், அப்பா தறியருகில் நின்று பாவு எது, ஊடை எது, நாடா எப்படி ஓடுகிறது என்று சொல்வதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். பூ மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுவரும் வீட்டுப் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். தறி ஓடும் அந்தத் தெருவுக்குள் அதுவரை காலே வைக்காத பிள்ளைகள் அவர்கள்.

குழுவில் ஒரு வழக்கமும் வைத்தோம். கோபம் வருகிற செய்தி வந்தால் இரவில் யாரும் பதில் எழுதக் கூடாது. மறுநாள் வகுப்பில் நேருக்கு நேர் பேச வேண்டும். விடியும்போது பாதிக் கோபம் போயிருக்கும். மீதியைப் பேசித் தீர்த்தோம். தபசு நடக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காத்திருப்பது ஏன் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

பணியில் இருக்கும் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று உங்கள் ஸ்டேட்டஸைத் திறந்து, உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் கண்ணால் ஒரு முறை பாருங்கள். நீங்கள் யார் ஆள் என்று அது காட்டிக்கொடுத்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.