ஏழுக்கு நாலு

கணினி வரலாறு எழுதுகிறவர்களுக்கு 1964 என்றால் ஏப்ரல் 7. ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 மெயின்பிரேமை அறிவித்த நாள் அது. இலங்கைக் கரையில் உள்ள தலைமன்னாருக்கு அதே ஆண்டில் வேறு இரண்டு தேதிகள் உண்டு. இலங்கைத் தோட்டங்களின் இந்திய வம்சாவளித் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அக்டோபர் 30இல் கையெழுத்தானது. டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் எதிர்க்கரையில் தனுஷ்கோடி அழிந்தது. 1914 முதல் இரு கரைகளையும் இணைத்த கப்பல் பாதையும் அதோடு போயிற்று. எத்தனை பேரை அனுப்புவது என்று முடிவாகி எட்டு வாரம் ஆவதற்குள், போய் இறங்கும் துறையே இல்லை.

9 லட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 லட்சம் பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆயிரத்துக்குக் கீழே ஒரு ஆள்கூட இல்லாத கணக்கு. இரண்டு வேலையும் அந்தந்த விகிதத்தில் சேர்ந்தே நகரவேண்டும் என்பது நிபந்தனை. சுருக்கிப் பார்த்தால், 7 பேர் போனால் 4 பேர் இருக்கலாம். யார் அந்த ஏழு, யார் அந்த நாலு என்று தேடும் வேலை ஏடுகளுக்கு விடப்பட்டது.

அந்த ஏடுகள் எந்த வடிவில் இருந்தன? உச்சியில் தோட்டம். அதன்கீழ் பெரிய கங்காணி, அவருக்குக் கீழ் சில்லறைக் கங்காணி, அப்புறம் குடும்பம், கடைசியில் ஆள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டி அனுப்பினார்கள். அதில் பொறித்திருந்தது தோட்டத்தின் எண். வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுத அது போதும். வில்லைக்கு உரியவரின் பெயர் அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை. தோட்டத்துக்குள் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடு இருந்தது, காலையில் ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். அப்போதும் ஒருவரை அடைய வேண்டுமானால் தோட்டத்தின் வழியாகத்தான் இறங்கவேண்டும்.

இதே வடிவத்தை ஐ.பி.எம். 1960களின் பிற்பகுதியில் மெயின்பிரேமுக்குக் கொண்டுவந்தது. தோட்டத்தைப் பார்த்து அல்ல, அப்பல்லோ விண்கலத்தின் உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்க. ஐ.எம்.எஸ். என்ற அந்தத் தரவுத்தளத்தில் எல்லாம் மரம்: மேலே பெற்றோர்ப் பதிவு, கீழே பிள்ளைப் பதிவுகள். கோபோல் நிரலில் ‘இந்தப் பெற்றோருக்குள் அடுத்ததைக் கொடு’ என்று கேட்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. பெற்றோரை அழித்தால் கீழே உள்ளதெல்லாம் சேர்ந்து அழியும். ராக்கெட்டுக்கு இது சரி. இயந்திரம் இல்லாமல் அதன் திருகாணிக்கு என்ன வேலை? மனிதர்களை இப்படி அடுக்கியபோது என்ன ஆயிற்று என்பதற்குக் கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையைப் பார்க்கலாம். மேலே குடும்பத் தலைவர், அவருக்குக் கீழே மற்றவர்கள். தலைவர் எந்தக் கரையோ அவர்களும் அந்தக் கரை.

ஐ.எம்.எஸ்.ஸுக்குப் போட்டியாக நின்றது வலைப்பின்னல் வடிவம். சார்லஸ் பாக்மன் ஜெனரல் எலக்ட்ரிக்கில் தொடங்கிய வழி அது. குட்ரிச் என்ற டயர் கம்பெனியில் ஐ.டி.எம்.எஸ். ஆக வளர்ந்து, கலினேன் நிறுவனத்தின் கையில் சந்தைக்கு வந்தது. இதில் ஒரு பதிவுக்கு இரண்டு உடைமையாளர் இருக்கலாம். ஒரே ஆளைத் தோட்டத்தின்கீழும் வைக்கலாம், பிறந்த ஊரின்கீழும் வைக்கலாம். வாழ்க்கைக்கு இது கிட்ட வருகிறது. கருவிகளிலும் ஐ.டி.எம்.எஸ். கெட்டி. அதன் தரவு அகராதியும் ஏ.டி.எஸ். ஆன்லைனும் திரைகளைக் கட்டுப்பாட்டோடு கட்ட உதவின. பின்னால் வந்த பல பகட்டான கருவிகளைவிட இவை ஒழுங்கானவை என்பது என் எண்ணம். ஆனால் பதிவுகளை இணைக்கும் சங்கிலிகளை முன்கூட்டியே போட்டாகவேண்டும். பாக்மன் 1973இல் டூரிங் விருது உரையில் நிரலாளரை மாலுமி என்றார். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை மறந்தால் திரும்ப வழியில்லை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1971இல் வந்த அடாபாஸ் என்ற தரவுத்தளம், தலைகீழ்ப் பட்டியல்களை வைத்து இந்தச் சங்கடத்தைக் குறைத்தது. அதன் நேச்சுரல் மொழியைக் கற்றவர்கள் எளிதில் கைவிடவில்லை.

எட்கர் காட் வேறு மாதிரி யோசித்தார். ஐ.பி.எம்.மில் இருந்துகொண்டே 1970இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: பாதையே வேண்டாம், அட்டவணைகள் போதும், கேட்கிறவர் எதை வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கட்டும், வழியை இயந்திரம் தேடிக்கொள்ளும். ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக்கொண்டிருந்த வீட்டில் இந்தப் பேச்சுக்கு அவசர வரவேற்பு இருக்கவில்லை. டி.பி.2 வெளிவந்தது 1983இல். இடையில், 1974 மே மாதம் ஆன் ஆர்பரில் பாக்மனும் காட்டும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று பங்கிட்டார்கள். இந்தப் பங்கீட்டுக்கு வாதம் எதுவும் தேவைப்படவில்லை, வகுத்தல் தெரிந்தால் போதும்.

காட்டின் பக்கம்தான் வென்றது. இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. எவர் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால், அந்த எவரில் அட்டவணைக்குள் இருப்பவர் சேர்த்தியா? தோட்டத்து லய அறையில் இருந்தவர் என்றைக்கும் பதிவுதான். கேள்வி கேட்டது கச்சேரி என்ற அரசு அலுவலகம். ஐ.எம்.எஸ். ஆனாலும் டி.பி.2 ஆனாலும் கவுண்டரின் எந்தப் பக்கத்தில் யார் என்பதை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. வேகம், விலை, கருவி என்று ஒப்பிட்ட அறிக்கைகளில் இதற்கு ஒரு பத்தியும் இருந்ததில்லை.

புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போயிற்று. தலைமன்னார் இறங்குதுறையில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் அங்கே போய் மண்டபம் முகாமில் பதிந்தார்கள். 1984இல் போர் அந்தக் கப்பலை நிறுத்தியது. இந்தியக் கடவுச்சீட்டுக் கையில் இருந்தும் போகமுடியாதவர்கள் தோட்டங்களிலேயே தங்கிவிட்டார்கள். ஓர் ஏட்டில் அவர்கள் இந்தியர், அந்த நாட்டின் மண்ணில் இல்லை. மற்ற ஏட்டில் மண்ணில் இருக்கிறார்கள், பிரசை இல்லை. இரண்டு ஏடுகளும் தத்தம் அளவில் பிழையற்றவை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் இந்த முடிச்சு அவிழ்ந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவர், அல்லது அவர் வழிவந்து இங்கே வாழ்பவர், பிரசை ஆகலாம் என்கிறது அது. இந்தத் தடவை விகிதம் எதுவும் குறிக்கப்படவில்லை. 1990இல் சிதைந்த ரயில் பாதை தலைமன்னார் இறங்குதுறையை மறுபடி எட்டியது 2015 மார்ச்சில். கப்பல் இன்னும் வரவில்லை.